இன்னொரு நாள் ஓடுவதா, சைக்கிளை எடுப்பதா? செட்டிநாட்டு ஓட்டக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கம் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வாரத்துக்கு மூணு நாள் ஓடுறேன், அதுக்கு மேல நகரவே மாட்டேங்குது. சைக்கிள் மிதிக்கலாமா, நீச்சலுக்குப் போகலாமா, ஜிம்முல சேரலாமா, இல்ல பேசாம இன்னொரு நாள் ஓடிடலாமா?"

கேட்கிறவர்கள் ஒரே ரகம் இல்லை. ஜனவரியில் சென்னை மாரத்தானுக்குப் போய் 21 கிலோமீட்டர் ஓட நினைக்கும் வங்கி அதிகாரி ஒருவர். போலீஸ் உடல்தகுதித் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய பையன் ஒருவன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஓடத் தொடங்கி, இரண்டாவது வாரமே முட்டி வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிட்ட அக்கா ஒருவர். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தப்பாகப் போய்விடும். அதனால் எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

## எடை போட நான்கு அளவுகோல்

முதலாவது தம். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, அதில் வரும் ஆக்சிஜனில் எவ்வளவைத் தசை எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டும் சேர்ந்ததுதான் தம். இதயத்தின் பங்கு மூச்சு வாங்க வைக்கிற எந்தப் பயிற்சியிலும் வளரும். தசையின் பங்கு அப்படி வளராது. எந்தத் தசைக்கு வேலை கொடுக்கிறீர்களோ அதில்தான் வளரும். சைக்கிளில் வந்த தம் முழுதாக ஓட்டத்துக்கு மாறாததற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது, கால் தாங்கும் பலம். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி. இதற்கு எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். தம் வாரக்கணக்கிலேயே கூடிவிடும். தம் இருக்கிறதே என்று காலைக் கேட்காமல் ஓடுகிறவர்கள்தான் அதிகம் காயப்படுகிறார்கள்.

மூன்றாவது, ஓட்டப் பழக்கம். ஒரே வேகத்தில் இரண்டு பேர் ஓடினாலும் ஒருவர் குறைந்த ஆக்சிஜனில் ஓடிவிடுவார். கால் தரையில் படும் நேரம், கெண்டைக்காலின் துள்ளல், கை வீச்சு எல்லாம் சேர்ந்து வருகிற சிக்கனம் அது. பெரும்பகுதி ஓடி ஓடித்தான் வரும்.

நான்காவது, இங்கே நடக்குமா என்பது. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வெயில் உறைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. நீச்சல் குளம் எல்லா ஊரிலும் இல்லை. நெடுஞ்சாலையில் லாரி, தெருவில் நாய். பெங்களூரு ஓட்டக்காரருக்காக எழுதிய அட்டவணையைப் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் அப்படியே பின்பற்ற முடியாது.

இன்னும் ஒன்று. உங்கள் ஓட்டம் நின்றுபோகும் கடைசிக் கிலோமீட்டரில் முதலில் கைவிட்டது எது, மூச்சா காலா? இதைக் கவனித்துவிட்டு மேலே படித்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

## வழி 1: இன்னொரு நாள் ஓடுவது

மாற்றுப் பயிற்சி பற்றிப் பேசும்போது எல்லோரும் மறந்துவிடுகிற வழி இது. வாரத்துக்கு மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ ஓடுகிறீர்கள், உடம்பில் வலி எதுவும் இல்லை என்றால், நான்காவது நாள் முப்பது நிமிடம் மெதுவாக ஓடுவதை வேறு எந்தப் பயிற்சியும் தோற்கடிக்க முடியாது. தம், கால் பலம், ஓட்டப் பழக்கம் மூன்றும் ஒரே நேரத்தில் வளர்வது இதில் மட்டும்தான். பணமும் கேட்காது. மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுகிறவரிடம் வீட்டு விஷயம் முழுதாகச் சொல்லி முடிக்கிற அளவுக்கு மெதுவாக.

எங்கே ஓடுவது என்பதில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக, வாகனம் குறைவாக இருக்கும். ஊரை விட்டு வெளியே வந்தால் செம்மண் தடமும் கண்மாய்க் கரையும். சிமென்ட் சாலையை விட அவை காலுக்கு இதம். ஆனால் மழை பெய்த மறுநாள் செம்மண் வழுக்கும், கரையில் மாட்டுக் குளம்படி பதிந்த பள்ளம் காய்ந்து கணுக்காலைத் திருப்பிவிடும்.

மறைந்த செலவு ஷூவில் இருக்கிறது. 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அதன் உயிர் போய்விடும், நாள் கூட்டினால் அந்தக் கெடுவும் சீக்கிரம் வரும். அதைவிடப் பெரிய செலவு காயம். கீழ்க்கால் எலும்பில் ஒரே இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கிறது, மறுநாள் காலையில் படுக்கையை விட்டு இறங்கும்போதும் அதே இடம் வலிக்கிறது என்றால் நாள் கூட்டும் பேச்சே வேண்டாம். எலும்பில் விரிசல் விடத் தொடங்கியிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

## வழி 2: சைக்கிள்

ஓடுகிறவர்கள் முதலில் நினைப்பது சைக்கிளைத்தான். தப்பில்லை. தமுக்கு ஓட்டத்துக்கு அடுத்தபடியாக நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பது இதுதான். எடையைச் சீட்டு தாங்கிக்கொள்வதால் காலில் அடி விழாது, ஒன்றரை மணி நேரம் மிதித்துவிட்டு மறுநாள் ஓடலாம். ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு மறுநாள் ஓடுவது எல்லோராலும் முடியாது.

கணக்கு எப்படி? சமதரையில் மூன்று கிலோமீட்டர் சைக்கிளை ஒரு கிலோமீட்டர் ஓட்டமாக எடுத்துக்கொள்வது பயிற்சியாளர்களின் பொதுவான வழக்கம். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய்வந்தால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். எட்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம் என்று எழுதிக்கொள்ளலாம், வழியில் மிதிக்காமல் உருட்டிக்கொண்டே போகாமல் இருந்தால். சைக்கிளில் ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். ஓட்டத்தில் கால் நின்றால் ஆளும் நின்றுவிடுவார், சைக்கிளில் கால் நின்றாலும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

நாடித் துடிப்பு பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே அளவு சிரமப்பட்டாலும் சைக்கிளில் துடிப்பு ஓட்டத்தை விட ஐந்திலிருந்து பத்து வரை குறைவாகத்தான் காட்டும். கடிகாரத்தில் ஓட்டத்து எண்ணைக் கொண்டுவர முயன்றால் மெதுவாகப் போக வேண்டிய நாளும் கடினமான நாளாகிவிடும்.

மிதிக்கும் வேகம் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று இருந்தால் ஓட்டத்துக்கு நெருக்கம். இரண்டு காலையும் சேர்த்தால் 160 முதல் 180, ஏறக்குறைய ஓடும்போது வைக்கிற அடி எண்ணிக்கை. கியர் இல்லாத சைக்கிளில் எதிர்காற்று வந்தால் இது 60க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது தமுக்கு வேலை குறைந்து முட்டிக்கு வேலை கூடும்.

காற்றைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். நம் பூமி சமதரை, ஏற்றம் தேடினாலும் கிடைக்காது. அந்தக் குறையை ஆடி மாதத்து மேல்காற்று தீர்த்து வைக்கிறது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடிப் பக்கம் போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. போகையில் நான்கு நிமிடம் முக்கி மிதிப்பது, மூன்று நிமிடம் லேசாக மிதிப்பது, இப்படி நான்கு முறை. வாரத்துக்கு ஒரு தடவை இது போதும், இடைவெளி ஓட்டத்தில் (கொஞ்ச நேரம் வேகமாக, கொஞ்ச நேரம் மெதுவாக என்று மாறி மாறி ஓடுவது) காலுக்கு ஆகிற சேதம் இல்லாமல் அதே மூச்சுத் திணறல் கிடைக்கும்.

புது சைக்கிள் வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், உடனே வேண்டாம் என்பேன். கியர் வைத்த சைக்கிள் பத்தாயிரத்துக்கு மேலே. பிளஸ் ஒன் படித்தபோது பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் முகப்பில் சாய்ந்துகிடந்தால் அதையே துடைத்து எண்ணெய் விட்டு இரண்டு மாதம் மிதித்துப் பாருங்கள். உயரமான ஆளுக்கு அது கொஞ்சம் சின்னதுதான், ஆனாலும் பழக்கம் நிலைக்கிறதா என்று பார்க்கப் போதும். சீட்டுக் கம்பியில் ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் இழுத்துவிடாதீர்கள்.

சீட்டு உயரத்தில்தான் பாதி முட்டி வலி இருக்கிறது. சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் முழுதாக நீள வேண்டும், இடுப்பு அந்தப் பக்கம் சாயக்கூடாது. அப்புறம் வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் நின்றால் கால் ஊன்ற வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்திருப்பார்கள். சந்தைக்குப் போய்வர அது சரி. ஒரு மணி நேரம் அப்படி மிதித்தால் முட்டிச் சில்லுக்கு முன்னால் வலி வரும். முட்டிக்குப் பின்னால் வலித்தால் சீட்டு உயரம் அதிகம்.

மறைந்த செலவுகளில் முதலிடம் சீமைக் கருவேலத்துக்கு. சாலையோரம் வெட்டிப் போட்டிருக்கும் இடத்தில் லாரிக்கு ஒதுங்கினீர்கள் என்றால் முள் டயரைத் துளைத்து டியூபில் ஏறிவிடும். டியூபை ஒட்டினால் மட்டும் போதாது. டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெளியே ஒடிந்துபோன முள்ளின் முனை உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் அடுத்த கிலோமீட்டரிலேயே காற்று இறங்கிவிடும். மாற்று டியூப், கைப்பம்ப், டயரைக் கழற்றும் நெம்பி மூன்றும் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாதீர்கள். விடியும் முன் பஞ்சர் கடை திறந்திருக்காது.

அடுத்தது நேரம். ஐம்பது நிமிட ஓட்டத்தின் வேலையைச் சைக்கிள் கொடுக்க எண்பது, தொண்ணூறு நிமிடம் ஆகும். எட்டரைக்கு ஆபீஸ் கிளம்புகிறவருக்கு அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம். அப்புறம் பசி. சைக்கிளில் வந்த பசிக்குப் பணியாரத் தட்டு எத்தனை காலியாகிறது என்று வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், எடை குறையாததற்குக் காரணம் தெரிந்துவிடும். நெடுஞ்சாலையும் புதுவயல் பக்கத்து அரிசி ஆலை லாரிகளும் இருக்கின்றன. பின்விளக்கும் ஹெல்மெட்டும் செலவுக் கணக்கில் வரவேண்டியவை.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று. சைக்கிள் எலும்பை வளர்க்காது. பல வருடம் சைக்கிள் மட்டுமே மிதிக்கிற தொழில்முறை வீரர்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஓட்டக்காரருக்கு இது வேறு வடிவத்தில் வரும். மூன்று மாதம் சைக்கிளை நிறைய மிதித்து, தம் நன்றாக ஏறிய நிலையில் ஓட்டத்துக்கு வருவார். மூச்சு வாங்காது. அதனால் வேகமாகவும் நீளமாகவும் ஓடுவார். கால் மட்டும் மூன்று மாதத்துக்கு முன்பிருந்த கால்தான். கெண்டைக்காலோ கீழ்க்கால் எலும்போ பத்து நாளில் பதில் சொல்லிவிடும்.

எப்போது சைக்கிள்தான் சரி? ஏற்கெனவே வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஓடுகிறவர், அதற்கு மேல் கூட்டினால் எங்காவது வலிக்கிறது என்பவர். எடை கூடுதலாக இருந்து, நிறைய ஓட முடியாதவர். காயத்திலிருந்து எழுந்துவருகிறவர். இவர்களுக்கு வாரம் ஒன்றோ இரண்டோ சைக்கிள் நாள் தங்கம். முடிந்தால் அதில் ஒரு நாள், சைக்கிளைத் திண்ணையில் சாய்த்த கையோடு பத்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். முதல் இரண்டு நிமிடம் கால் உங்களுடையது மாதிரியே இருக்காது, அப்புறம் சரியாகிவிடும்.

## வழி 3: நீச்சலும் நீருக்குள் ஓட்டமும்

காலில் அடியே விழாத பயிற்சி. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நம் பக்கத்து ஓட்டக்காரருக்கு இது கடைசியில்தான் வரும். நீச்சலில் வேலை செய்வது பெரும்பாலும் தோளும் கையும். இதயத்துக்கு நல்லது, ஓட்டத் தசைக்குக் கிடைப்பது கொஞ்சம். நீச்சல் நுணுக்கம் தெரியாதவருக்கு இரண்டு முறை குறுக்கே போனதும் மூச்சு முட்டுமே, அது தம் குறைவால் அல்ல. மூச்சு விடத் தெரியாததால்.

நீருக்குள் ஓடுவது வேறு கதை. கால் தரையில் படாத ஆழத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, நிற்கிற நிலையிலேயே ஓடுவது போலக் காலும் கையும் வீச வேண்டும். காயப்பட்ட ஓட்டக்காரருக்கு ஓட்டத்துக்கு மிக நெருங்கிய மாற்று இதுதான். துடிப்பு ஓட்டத்தை விடக் குறைவாகத்தான் ஏறும், அதைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். லாரி டியூபை அக்குளில் மாட்டிக்கொண்டு செய்யலாமா என்றால், கை வீச முடியாது, உடம்பும் முன்னால் சாய்ந்துவிடும். பட்டைதான் வேண்டும். சலிப்பு தாங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடம்தான் பிரச்சினை. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவே விடமாட்டார்கள், அது நியாயம். கண்மாயில் மழைக்குப் பிறகு சில மாதம் தண்ணீர் நிற்கும், ஆனால் மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிணற்று நீச்சல் பழகியவர் துணையோடு குளிக்கலாம். பயிற்சிக்கு என்று தனியாக எங்கேயும் இறங்காதீர்கள். ஆழமான நீச்சல் குளம் எட்டும் தூரத்தில் இருந்து, எலும்பில் காயமும் இருந்தால் இந்த வழி. இல்லையென்றால் விட்டுவிடலாம்.

## வழி 4: நடையும் படியும்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்களின் காலைப் பார்த்தவர்கள் நடையைக் குறைத்துப் பேசமாட்டார்கள். நாள் முழுக்க நின்று, நடந்து பழகிய பாதமும் கணுக்காலும் நீண்ட தூர ஓட்டத்துக்கு நல்ல அஸ்திவாரம். ஆனால் பாதயாத்திரை போய்வந்த மறுவாரம் ஐந்து கிலோமீட்டர் ஓடச் சொன்னால் முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கும். சைக்கிளுக்கு நேர் எதிர் இது. சைக்கிள் தமை வளர்த்துக் காலை விட்டுவிடுகிறது, நடை காலை வளர்த்துத் தமை விட்டுவிடுகிறது. ஓடத் தொடங்குகிறவர் இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றின் குறையை மற்றது கொஞ்சம் ஈடு செய்யும்.

படி ஏறுவதில் அந்தக் குறை இல்லை. இரண்டு மாடி ஏறினாலே துடிப்பு ஏறும், தொடையும் பிட்டமும் வேலை செய்யும். இறங்குவதுதான் முட்டிக்குச் சுமை. ஏறும்போது வேகமாக, இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்து நிதானமாக. பழைய வீடுகளின் மாடிப்படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும், அதில் வேண்டாம். கல்லூரி, அலுவலகக் கட்டடம் என்று அகலமான படியாகப் பாருங்கள். குன்றக்குடி மலைப்படியில் ஓடலாமா என்று ஒருவர் கேட்டார். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு நடுவில் கடிகாரத்தை அழுத்திக்கொண்டு ஓடுவது நன்றாக இருக்காது. வெறுங்காலோடு நிறுத்தாமல் ஏறி, சண்முகநாதரைக் கும்பிட்டு இறங்கினால் அதுவே போதுமான பயிற்சி.

## வழி 5: வலுப் பயிற்சி

யாரும் கேட்காத வழி, பெரும்பாலானவர்களுக்கு நான் முதலில் சொல்கிற வழி. இதில் தம் வளராது. ஆனால் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை எடையோடு செய்கிற வலுப் பயிற்சி ஓட்டத்தின் ஆக்சிஜன் சிக்கனத்தை 2 முதல் 8 சதவீதம் வரை மேம்படுத்துவது ஆய்வுகளில் தொடர்ந்து தெரிகிறது. அதாவது மூன்றாவது அளவுகோலுக்கு, ஓடாமலேயே கிடைக்கிற உதவி. இரண்டாவது அளவுகோலுக்கும் இதுதான் மருந்து. ஓடும்போது கெண்டைக்காலின் ஆழத்தில் இருக்கிற தசை உடல் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான விசையைத் தாங்குகிறது. அதற்கு யாரும் தனியாகப் பயிற்சி கொடுப்பதே இல்லை.

ஜிம் இல்லாமலே தொடங்கலாம். திண்ணைப் படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நில்லுங்கள், தூணை லேசாகப் பிடித்துக்கொள்ளலாம். குதிகாலை மூன்று எண்ணுகிற நேரத்தில் படிக்குக் கீழே இறக்கி, ஒரு கணம் நிறுத்தி, மேலே ஏற்றுங்கள். முதலில் இரண்டு காலிலும், பழகிய பிறகு ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் தொடர்ந்து இருபது முடியவில்லை என்றால் உங்கள் ஓட்டம் எங்கே தடைப்படுகிறது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு புத்தகம் நிறைந்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். கல் படி ஈரமாக இருந்தால் வழுக்கும், காயவிட்டு ஏறுங்கள்.

பிள்ளையாருக்குப் போடுகிற தோப்புக்கரணம் நல்ல தொடைப் பயிற்சி. எடை கூட்டாமல் நூறு போடுவதை விட, கையில் ஒரு அரிசிப் பையை அணைத்துக்கொண்டு எட்டு, பத்து என்று மூன்று முறை போடுவது ஓட்டக்காரருக்கு அதிகம் உதவும். மறைந்த செலவு என்றால், முதல் இரண்டு வாரம் தொடை வலியில் படி இறங்கத் தெரியாது. அந்த நாட்களில் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

## வழி 6: ஜிம் இயந்திரங்கள்

சுருக்கமாக. நிற்கிற சைக்கிள் மழைக்காலத்துக்கு வசதி, உருட்டி ஏமாற்ற முடியாது, ஆனால் மின்விசிறி இல்லாவிட்டால் பத்தாவது நிமிடமே வியர்வை ஊற்றும். எலிப்டிக்கல் (இரண்டு கால்பலகையில் நின்று, கால் தூக்காமல் ஓடுவது போலச் சுழற்றுகிற இயந்திரம்) நின்றபடி செய்வதால் சைக்கிளை விட ஓட்டத்துக்கு நெருக்கம். அமெரிக்க ஓட்ட வீராங்கனை பார்க்கர் வால்பி வாரத்தில் இரண்டு, மூன்று நாள் மட்டும் ஓடி, மீதியை இந்த வகை இயந்திரத்திலும் நீரிலும் செய்து 2023இல் அங்கே கல்லூரிகளுக்கான கிராஸ் கன்ட்ரி (புல்தரை, மண்தடத்தில் ஓடும் நீண்ட ஓட்டம்) பட்டத்தை வென்றார். கூடவே அவருக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளரும் நாள் முழுக்க நேரமும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. சேரும் முன் இயந்திரம் வேலை செய்கிறதா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, காலை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பாருங்கள். ஆறு மாதப் பணத்தை ஒரேயடியாகக் கட்டாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | தம் | கால் தாங்கும் பலம் | ஓட்டப் பழக்கம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| இன்னொரு நாள் ஓட்டம் | நன்று | நன்று | நன்று | ஷூ, காயம் |
| சைக்கிள் | நன்று | இல்லை | கொஞ்சம் | நேரம், பஞ்சர், பசி, லாரி |
| நீருக்குள் ஓட்டம் | நன்று | இல்லை | ஓரளவு | இடம், சலிப்பு |
| நீச்சல் | ஓரளவு | இல்லை | இல்லை | இடம், கற்கும் காலம் |
| நடை | கொஞ்சம் | ஓரளவு | கொஞ்சம் | நேரம் |
| படி ஏறுதல் | நன்று | ஓரளவு | ஓரளவு | இறங்கும்போது முட்டி |
| வலுப் பயிற்சி | இல்லை | நன்று | ஓரளவு | முதல் இரு வார வலி |
| எலிப்டிக்கல் | நன்று | கொஞ்சம் | ஓரளவு | மாதக் கட்டணம் |

## யாருக்கு எது

வங்கி அதிகாரிக்கு: மூன்று ஓட்டம், ஒரு சைக்கிள், இரண்டு முறை இருபது நிமிட வலுப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தை மட்டும் சைக்கிளுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். 21 கிலோமீட்டரின் கடைசி ஐந்தில் கைவிடுவது பெரும்பாலும் கால்தான், அதற்கு 16, 18 கிலோமீட்டர் ஓடிப் பார்த்திருக்க வேண்டும். சைக்கிள் புதன்கிழமை இருக்கட்டும். கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத வாரம், மற்ற ஓட்டங்கள் போனால் போகட்டும், மழை விட்ட ஒரு பொழுதில் அந்த நீண்ட ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

போலீஸ் தேர்வுத் தம்பிக்கு: சைக்கிள் வேண்டாம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிப்பது என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி, 400 மீட்டர் சுற்றுக்கு 112 வினாடி. இந்த வேகம் ஓடித்தான் வரும். வாரத்தில் ஒரு நாள் 400 மீட்டரை 105 வினாடியில், நடுவில் இரண்டு நிமிடம் நடந்து, ஐந்து முறை. ஒரு நாள் மெதுவாக ஆறு கிலோமீட்டர். ஒரு நாள் 1500ஐ முழுதாக. கயிறு ஏறுவதும் தாண்டுவதும் தேர்வில் இருப்பதால் வலுப் பயிற்சிக்கு இரண்டு நாள் கண்டிப்பாக வேண்டும். கிராமத்திலிருந்து மைதானத்துக்கு மிதித்து வருகிற தம்பிகள், வந்த வேகத்தில் கோட்டில் நிற்காமல் பத்து நிமிடம் லேசாக ஓடிக் காலை இளக்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்காக ஓட வந்த அக்காவுக்கு: முதல் ஆறு வாரம் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். வேக நடை மூன்று நாள், சைக்கிள் இரண்டு நாள், படி விளிம்பில் குதிகால் பயிற்சியும் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் ஒன்றுவிட்டு ஒரு நாள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று கலந்து வாருங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள், பையில் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கம், கிறுகிறுப்பு என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

காயத்தில் இருப்பவருக்கு: ஓடாமல் இரண்டு, மூன்று வாரம் சும்மா இருந்தாலே தம் இறங்கத் தொடங்கிவிடும். வலி இல்லாத பயிற்சி எது என்று பார்த்து, ஓடிய அதே நாட்களில் அதே நிமிடக் கணக்கில் அதைச் செய்யுங்கள். அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட் 1984 ஏப்ரலில் முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஓட முடியாத நாட்களில் கையால் சுழற்றும் சைக்கிளில் உட்கார்ந்தார். சிகிச்சை முடிந்த பதினேழாம் நாள் அமெரிக்காவின் ஒலிம்பிக் தகுதி மாரத்தானை வென்றார், அந்த ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் வென்றார். அவர் காலில் அதற்கு முன்பே பல வருட ஓட்டம் சேர்ந்திருந்தது. நமக்கு அந்தச் சேமிப்பு கிடையாது, அதனால் திரும்பி வரும்போது மெதுவாகத்தான் வர வேண்டும். முதல் வாரம் மொத்தமே பத்து நிமிட ஓட்டம், அதுவும் ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து. மறுநாள் காலையில் அந்த இடம் வலிக்கவில்லை என்றால் மட்டும் அடுத்த ஓட்டத்தில் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். சைக்கிள் நாட்களை அதுவரை குறைக்க வேண்டாம். ஓட்டம் தொடர்ந்து முப்பது நிமிடத்தைத் தொட்ட பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.